ஒரு நம்பர், ஒரு வீடு: ஆன்லைன் படிப்புத் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகள், ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதும், நீட் தேர்வு நடப்பதும், அடுத்த வகுப்புக்கு என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு எழுவதும் இதே இரண்டு மாதத்துக்குள்தான். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி எங்கும் படகு கரையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போய் வந்த போனும் வீட்டிலேயே கிடக்கும். படிப்புச் செயலிகளில் கணக்குத் தொடங்க இதைவிட வசதியான காலம் இல்லை. விளம்பரங்கள் வந்து குவிவதும் அப்போதுதான்.

பாடம் நன்றாக இருக்கிறதா, ஆசிரியர் விளங்கச் சொல்கிறாரா என்பதெல்லாம் இங்கே பேச்சில்லை. கணக்குத் தொடங்கும் அந்த ஐந்து நிமிடமும், அதில் படிக்காமலே ‘ஐ அக்ரி’ தட்டப்படும் பக்கமும்தான் இந்த விமர்சனத்தின் பொருள். அளவுகோல் ஒன்றே ஒன்று: ஒரே போனை ஒரு குடும்பமே வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தத் தளம் தோதுப்படுமா?

ஏன் அந்த அளவுகோல் என்றால், தனியுரிமைக் கொள்கை எழுதுபவர்கள் ஓர் ஆளுக்கு ஒரு போன் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். கரையோரத்தில் பல வீடுகளில் கதை வேறு. அந்த ஒரு நம்பரில்தான் பேங்க் மெசேஜ் வரும், ஆதார் இணைந்திருக்கும், படகு உரிமையாளர் கூப்பிடுவார், ஐஸ் கம்பெனிக்காரர் கணக்குக் கேட்பார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அரபு நாட்டிலிருந்து வாப்பா அழைக்கும் வாட்ஸ்அப்பும் அதே நம்பர்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பாடத்துக்காக அந்த நம்பரைத் தட்டினால், போவது பிள்ளையின் விவரம் மட்டும் அல்ல. அதனால் பணம் கேட்கும் கட்டத்தைவிட நம்பர் கேட்கும் கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம்பர் எந்த வழியில் நழுவுகிறது

பதிவுப் பக்கத்தில் பொதுவாக மூன்று நான்கு பொத்தான்கள் இருக்கும். ‘கூகுள் வழியாகத் தொடர்’ என்றால் தளத்துக்குப் போவது பெயர், மின்னஞ்சல், புரொஃபைல் படம். போன் நம்பர் தானாகப் போகாது. கூகுள் பொத்தானைக் கண்டு பயந்து, ‘வெறும் நம்பர்தானே’ என்று நம்பரைப் போடுபவர்கள் அதிகம். ஒரே போன் வீட்டில் இது தலைகீழ்க் கணக்கு. மின்னஞ்சலை மாற்றிக்கொள்ளலாம், மூடிவிடலாம். பேங்கும் ஆதாரும் தொங்கும் நம்பரை மாற்றுவது லேசில் நடக்காது.

ட்ரூகாலர் பொத்தான் இருந்தால் அது நம்பரைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஒரே தட்டில் பெயரும் நம்பரும் சரிபார்க்கப்பட்டுப் போய்விடும், ஓடிபிகூடக் கேட்காது. இன்னொரு இடமும் கவனிக்க வேண்டியது. நம்பர் கட்டத்தைத் தொட்டதும் போனில் உள்ள சிம் நம்பர்களைக் காட்டி ஒரு சின்னப் பெட்டி எழும். அதன் கடைசி வரி ‘நன் ஆஃப் தி அபவ்’. பலரும் அதைப் பார்க்காமல் மேலே இருக்கும் முதல் நம்பரைத் தொட்டுவிடுகிறார்கள். அந்தக் கடைசி வரியைத் தொட்டால் பெட்டி மறையும். அதன் பிறகு ‘ஸ்கிப்’ இருக்கிறதா என்று வலது மேல் மூலையில் பார்க்கலாம். சில செயலிகளில் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்.

ஓடிபியைத் தானாகப் படிக்க எஸ்எம்எஸ் அனுமதி வேண்டும் என்று ஒரு செயலி கேட்டால், அந்தக் காரணம் நிற்காது. தனக்கு வரும் ஓடிபியை மட்டும் எடுத்துக்கொள்ள ஆண்ட்ராய்டிலேயே அனுமதி தேவைப்படாத வழி இருக்கிறது. முழு எஸ்எம்எஸ் பெட்டியையும் திறந்துவிட்டால் பேங்க் இருப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, நகைக்கடன் நினைவூட்டல் எல்லாம் படிக்கக் கிடைக்கும். ‘டோன்ட் அலவ்’ போட்டு, ஆறு இலக்கத்தைக் கையால் அடித்தால் வேலை முடிந்தது.

கொள்கையை எங்கே பிடிப்பது, எப்படிப் படிப்பது

தளமாக இருந்தால் பக்கத்தின் அடியில் ‘பிரைவசி பாலிசி’. செயலியாக இருந்தால் பதிவிறக்கும் முன்பே பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் ‘ஆப் சப்போர்ட்’ பகுதியைத் திறந்தால் இணைப்பு இருக்கும். இன்ஸ்டால் செய்த பிறகு தேடுவது பின்புத்தி.

முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஃபைண்ட் இன் பேஜ்’ எடுத்து, ஆங்கிலத்தில் ஆறு சொற்களைத் தேடினால் பத்து நிமிடத்தில் சாறு கிடைத்துவிடும்: பார்ட்னர் (partner), தேர்ட் பார்ட்டி (third party), ரீடெய்ன் (retain), டெலீட் (delete), சில்ட்ரன் (children), கிரீவன்ஸ் (grievance). தேடும் வரிசையும் முக்கியம். கடைசியில் சொன்ன கிரீவன்ஸை முதலில் தேடுங்கள். 2011-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி நிறுவனம் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியாவில் வியாபாரம் செய்கிற செயலியின் கொள்கையில் அந்தப் பெயர் இல்லாமல், ‘கலிபோர்னியா ரெசிடென்ட்ஸ்’ (அந்த அமெரிக்க மாநிலத்தில் வசிப்பவர்கள்) என்று மட்டும் ஒரு பத்தி இருந்தால், அது எங்கிருந்தோ நகல் எடுத்து ஒட்டியது. வேறு நிறுவனத்தின் பெயரே நடுவில் மாறாமல் கிடக்கும் கொள்கைகளும் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மீதியைப் படித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆங்கிலம் சிரமம் என்றால் அதே மூன்று புள்ளியில் ‘டிரான்ஸ்லேட்’ இருக்கிறது, தமிழில் வரும். ஆனால் ஓர் இடத்தில் உஷார். ‘மே ஷேர்’ என்பது தமிழில் ‘பகிரலாம்’ என்று வரும். படிக்கிறவருக்கு அது நடந்தாலும் நடக்கும், நடக்காவிட்டாலும் போகும் என்பது போலத் தோன்றும். அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளும் வாசகம் அது. ‘பகிரலாம்’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் ‘பகிர்வார்கள்’ என்றே வைத்துப் படியுங்கள். யாரோடு என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இருந்தால் நல்ல தளம். வகை வகையாகவாவது சொல்லியிருந்தால், அதாவது பணம் வாங்கும் சேவை, சர்வர் வாடகை, விளம்பரம் என்று பிரித்திருந்தால், சுமார். ‘எங்கள் பார்ட்னர்களும் துணை நிறுவனங்களும்’ என்று மொட்டையாக விட்டிருந்தால் நம்பரைக் கொடுக்காதீர்கள்.

‘ரீடெய்ன்’ தேடினால் எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பது வரும். ‘தேவைப்படும் வரை’ என்பது பதிலே ஆகாது. கணக்கை மூடிய பிறகு இத்தனை நாள், இத்தனை மாதம் என்று எண் இருக்க வேண்டும்.

நிறுவனம் கைமாறினால் உங்கள் விவரமும் சொத்துக் கணக்கில் சேர்ந்து கைமாறும் என்ற வரியை யாரும் கவனிப்பதில்லை. ‘மெர்ஜர்’ (merger) என்று தேடினால் கிடைக்கும், அநேகமாக எல்லாக் கொள்கையிலும் இருக்கும். வெறும் சம்பிரதாய வரி என்று தள்ளிவிட முடியாது. நாட்டின் மிகப் பெரிய படிப்புச் செயலியாக இருந்த பைஜூஸின் தாய் நிறுவனம் மீதே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. இந்தத் தொழிலில் இன்று இருக்கும் பெயர் நாளை இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்த வரியோடு ‘கைமாறும் முன் உங்களுக்குத் தெரிவிப்போம், அழிக்க வாய்ப்புத் தருவோம்’ என்று இருந்தால் மதிப்பெண் கூட்டலாம்.

ஒரு வரி, பக்கத்தில் வைத்து

இலவச டெமோ வகுப்பு, ஸ்காலர்ஷிப் டெஸ்ட் என்று வரும் படிவங்களின் அடியில், டிக் போட்டே வைத்திருக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதன் வாசகம் ஏறக்குறைய இப்படிப் போகும்: ‘என் நம்பர் டிஎன்டியில் பதிவாகியிருந்தாலும், இந்த நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாக என்னைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்.’

இதைப் பிரித்துப் பாருங்கள். ‘டிஎன்டியில் பதிவாகியிருந்தாலும்’ என்பதுதான் உயிர்நாடி. டிஎன்டி என்பது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று சொன்னவர்களின் பட்டியல். 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி விளம்பர அழைப்பைத் தடுத்து வைத்திருந்தாலும், குறிப்பிட்ட நிறுவனத்துக்கு நாமே சம்மதம் கொடுத்துவிட்டால் அந்தத் தடை அதற்குப் பொருந்தாது. ‘அதன் கூட்டாளிகளும்’ என்பது சம்மதத்தை முகம் தெரியாத ஆட்களுக்கும் நீட்டுகிறது. வாட்ஸ்அப்பைச் சேர்த்திருப்பது ஏனென்றால், அரபு நாட்டில் இருப்பவர் இந்திய நம்பரிலேயே வாட்ஸ்அப் வைத்திருந்தால் அங்கேயும் போய்த் தட்டலாம்.

டிக்கை எடுத்தால் ‘சப்மிட்’ வேலை செய்யாத படிவங்கள் உண்டு. அப்படியானால் அது பாடம் நடத்த வந்த படிவம் இல்லை. விற்பனைக்காரர்கள் ‘லீட்’ என்று சொல்லும் சரக்கு அது, அதாவது வாங்கக்கூடிய ஆளின் விவரம். வகுப்பு, பள்ளி, பெற்றோர் தொழில், வருமானம் நான்கையும் நிரப்பிய லீட் என்றால் கிராக்கி அதிகம். பின்னால் ‘அகாடமிக் கவுன்சிலர்’ என்று கூப்பிடுபவர் எந்த விலைப் பொதியை எடுத்து வைப்பது என்று தீர்மானிக்க அந்த நான்கு கட்டமே போதும்.

கொடுத்தாயிற்று, அழைப்பு நிற்கவில்லை என்றால்: முதலில் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். பிறகு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்பினால் எல்லா வகை விளம்பரமும் தடைப்பட்டியலில் சேரும். அதற்குப் பிறகும் வந்தால், வந்த எண்ணையும் தேதியையும் சொல்லி 1909-க்கே புகார் செய்யலாம். 7 நாளுக்குள் செய்துவிட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலும் இதைச் செய்யலாம். முறைப்படி பதிவு செய்த நிறுவனங்களின் விளம்பர அழைப்புகள் 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். பத்து இலக்கச் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து ‘கவுன்சிலர்’ கூப்பிட்டால் அதுவே புகாருக்குக் காரணம்.

தளங்கள், ஒவ்வொன்றாக

கான் அகாடமி: லாப நோக்கற்ற அமெரிக்க அமைப்பு. விளம்பரம் இல்லை. வீடியோவைக் கணக்கே இல்லாமல் பார்க்கலாம். பயிற்சி செய்து எவ்வளவு முன்னேறினோம் என்று சேமிக்க மட்டும்தான் கணக்கு வேண்டும். மின்னஞ்சல் போதும், போன் நம்பர் தேவையில்லை. 13 வயதுக்குக் குறைவு என்று பிறந்த தேதி சொன்னால் பெற்றோர் மின்னஞ்சலைக் கேட்கும். ஒரே போன் வீட்டுக்கு இதைவிடத் தோதானது இல்லை. 10-க்கு 9.

திக்‌ஷா: மத்திய அரசின் தளம், 2017-ல் வந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து பாடம் பார்க்க உள்நுழைய வேண்டியதே இல்லை, விருந்தினராகவே போகலாம். மாணவருக்கு அப்படிப் பார்ப்பதுதான் நல்லது. அரசுத் தளம் என்பதாலேயே கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2022-ல் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளில் 160-க்கும் மேற்பட்ட படிப்புச் செயலிகளையும் தளங்களையும் தோண்டிப் பார்த்தபோது, அவற்றில் சுமார் 89 சதவீதம் பிள்ளைகளின் விவரத்தைக் கையாண்ட விதத்தில் கோளாறு கண்டது. அந்தப் பட்டியலில் திக்‌ஷாவும் இருந்தது. 2023 ஜனவரியில், பூட்டாத சர்வர் ஒன்றின் வழியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரமும் லட்சக்கணக்கான மாணவர்களின் விவரமும் திறந்து கிடந்தது வெளியே வந்தது. விருந்தினராகப் பார்ப்பவருக்கு 8, கணக்குத் தொடங்குபவருக்கு 5.

ஸ்வயம், என்பிடெல்: மத்திய அரசின் உதவியோடு நடக்கும் தளங்கள், கல்லூரிப் பிள்ளைகளுக்கு. கூகுள் கணக்கில் உள்ளே போகலாம், பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுப் பதிவு தனி: புகைப்படம், கையெழுத்து, பிறந்த தேதி, கல்லூரி விவரம் எல்லாம் போகும், கட்டணமும் உண்டு. தேர்வு நடத்த அது தேவை என்பதால் குறை சொல்ல முடியாது. மாணவர்கள் அறியாதது ஒன்று உண்டு. கல்லூரி ‘லோக்கல் சாப்டர்’ ஆக, அதாவது என்பிடெலோடு இணைந்த கல்லூரியாக இருந்தால், உங்கள் பாட முன்னேற்றத்தை அங்கே மென்ட்டராக (வழிகாட்டியாக) இருக்கும் ஆசிரியர் பார்க்க முடியும். கல்லூரிப் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கும்போதே இது தொடங்குகிறது. பெயரை பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே, இனிஷியல் எந்தப் பக்கம் என்பது உட்பட, அடியுங்கள். 7.

கோர்ஸெரா: பல்கலைக்கழகங்களின் பாடங்களை இணையத்தில் தரும் கலிபோர்னியா நிறுவனம். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் போதும். பாடம் தரும் பல்கலைக்கழகத்தோடும் நிறுவனத்தோடும் உங்கள் விவரம் பகிரப்படும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது ஒரு கணக்கு, ஆனால் எடுக்கும் பாடத்துக்குத் தக்கபடி இரண்டு மூன்று கொள்கைகள். கட்டணச் சலுகைக்கு விண்ணப்பித்தால் படிப்பு, வேலை நிலை, ஆண்டு வருமானம், இந்தப் பாடம் ஏன் வேண்டும் என்று எல்லாம் எழுதச் சொல்லும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை தேவைதான். எழுதும்போது கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அப்பாவின் கடன், அம்மாவின் வைத்தியம் எல்லாம் அதில் கொட்ட வேண்டியதில்லை. 7.

டியோலிங்கோ: மொழி கற்கும் செயலி. முதல் சில பாடங்களைக் கணக்கில்லாமலே செய்யலாம். இலவசப் பதிப்பில் விளம்பரம் உண்டு. 2023-ல் சுமார் 26 லட்சம் பேரின் மின்னஞ்சலும் புரொஃபைல் விவரமும் சுரண்டி எடுக்கப்பட்டு இணையத்தில் உலவியது. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பொதுவில் தெரிகிற புரொஃபைலை வரிசையாக உருவியிருந்தார்கள். அதனால் இங்கே உண்மைப் பெயர், ஊர், முகப்படம் போடாமல் புனைபெயர் வையுங்கள். செட்டிங்ஸில் புரொஃபைல் தெரிவதைக் குறைக்கும் வசதியும் உண்டு. 6.

நீட், டிஎன்பிஎஸ்சி தனியார் செயலிகள்: பெயர் சொல்லி ஒவ்வொன்றாக மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை. கொள்கை அடிக்கடி மாறும். பெரும்பாலானவை நம்பர் இல்லாமல் வாசலைத் தாண்டவே விடுவதில்லை. இந்த வகையில் எந்தச் செயலியானாலும் 10-க்கு 4-ல் தொடங்கி, மேலே சொன்ன ஆறு சொல் தேடலில் நல்ல பதில் கிடைக்கக் கிடைக்க ஏற்றிக்கொள்ளலாம். பெரிய பெயர் என்பது காவல் ஆகாது: 2020-ல் படிப்புச் செயலியான அன்அகாடமியில் ஏறக்குறைய 2.2 கோடிப் பயனர்களின் விவரம் கசிந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கடவுச்சொல் என்பது இதனால்தான். ஜிமெயிலில் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டு, தளத்தின் பெயரைச் சேர்த்து அடித்தால் அஞ்சல் அதே பெட்டிக்குத்தான் வரும். பின்னால் குப்பை அஞ்சல் வரும்போது யார் விற்றது என்று அந்தக் கூட்டல் குறியே காட்டிக்கொடுக்கும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது, அதையும் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

டேட்டா சேஃப்டி அட்டை

பிளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலிக்கும் ‘டேட்டா சேஃப்டி’ பகுதி இருக்கும். செயலிக்காரரே நிரப்பிக் கொடுப்பது அது, கூகுள் சரிபார்த்துச் சான்று தருவதில்லை. ஆனாலும் பயன் உண்டு. அங்கே ‘எதையும் பகிர்வதில்லை’ என்று இருந்து, கொள்கையில் ‘விளம்பரப் பார்ட்னர்களோடு பகிரலாம்’ என்று இருந்தால் இரண்டில் ஒன்று பொய். கணக்கை அழிக்கும் இணைப்பும் அங்கேதான். கணக்குத் தொடங்க வைக்கும் செயலி, கணக்கை அழிக்கும் வழியைச் செயலிக்குள்ளும் இணையத்திலும் வைத்தாக வேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் போனில் இடம் காலியாகும், அவ்வளவுதான். கணக்கு அவர்கள் சர்வரில் அப்படியே இருக்கும். அழிப்பதை முதலில் செய்து, அன்இன்ஸ்டாலைப் பிறகு செய்யுங்கள்.

கான்டாக்ட்ஸ் அனுமதியைப் படிப்புச் செயலிக்குத் தர எந்தக் காரணமும் இல்லை. ‘நண்பரை அழையுங்கள்’ என்பதற்காகக் கேட்கும். கொடுத்தால் போவது படகில் கூட வருகிறவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர், ஏஜென்ட், மதரஸா உஸ்தாத், சங்கத் தலைவர் அத்தனை பேரின் நம்பரும். அவர்கள் யாரும் ‘ஐ அக்ரி’ தட்டவில்லை. கேமரா, மைக் இரண்டும் நேரலை வகுப்புக்கும் சந்தேகத்தைப் படம் பிடித்து அனுப்புவதற்கும் தேவைப்படும். ‘வைல் யூஸிங் தி ஆப்’ மட்டும் கொடுங்கள். இருப்பிடம் வேண்டவே வேண்டாம். உங்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்ட உதவும் விளம்பர அடையாள எண்ணையும் ஒரு முறை அழித்துவிடலாம்: செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ், ‘டெலீட் அட்வர்டைசிங் ஐடி’. ஆண்ட்ராய்டு 12-லிருந்து இந்த வசதி இருக்கிறது.

வயதுக் கட்டம்

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தை எடுக்கச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். கல்வி நிலையங்கள் படிப்பும் பாதுகாப்பும் சார்ந்து மாணவர்களைக் கண்காணிப்பதற்கு விலக்கு உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் பார்க்க வழி தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தமிழும் அதில் ஒன்று.

அதுவரை பெரும்பாலான இடங்களில் பிறந்த ஆண்டைக் கேட்பதோடு சரி. பிள்ளைகள் 2000 என்று போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அந்த நிமிடமே செயலியின் கண்ணில் அது பெரியவர் கணக்கு. குழந்தைக்கு அணைத்து வைத்திருக்கும் விளம்பரக் கண்காணிப்பும், அந்நியர் செய்தி அனுப்பும் வசதியும் திறந்துகொள்ளும். பின்னால் கணக்கை மீட்கவோ சான்றிதழில் பெயர், தேதி திருத்தவோ போனால் அடையாள அட்டை ஒன்று, கணக்கு ஒன்று என்று நிற்கும்.

பெற்றோர் சம்மத ஓடிபி இந்தக் கரையில் தனிச் சிக்கல். சிம் அப்பா பெயரில் இருக்கும், அப்பா கடலில் இருப்பார். கரையிலிருந்து தள்ளிப் போனால் சிக்னல் இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி காட்டுவதும் தெரிந்ததே. பத்து நிமிட ஓடிபி அதற்குள் செத்துவிடும். சம்மதத்தை மின்னஞ்சல் வழியாக வாங்கும் தளத்தில் இந்தச் சங்கடம் இல்லை. அம்மா பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி, பிள்ளைகளின் எல்லாப் பெற்றோர் சம்மதத்துக்கும் அதையே கொடுத்தால், அப்பா எங்கே இருந்தாலும் வேலை நடக்கும்.

நெட் சென்டர்

கொள்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதை கெட்டுப்போகும் இடம் இதுதான்.

‘தம்பி, மெயில் ஐடி கேக்குதே, என்ன போடுறது?’

‘என் மெயிலே போட்டு விட்டுறேன்க்கா. ஓடிபி வந்தா நானே பாத்துக்கிறேன்.’

உதவிதான். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கணக்கின் சாவி கடையில் இருக்கிறது. ஹால் டிக்கெட் அங்கே வரும், கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் அங்கே வரும். கடை மூடினால், பையன் வேலைக்கு வெளியூர் போனால், கணக்கு போனது போனதுதான். ஏற்கெனவே அப்படிப் பதிந்திருந்தால், கடைக்காரர் ஊரில் இருக்கும்போதே அவர் உதவியோடு மின்னஞ்சலை மாற்றிவிடுங்கள். சொந்த ஜிமெயில் இருந்தாலும், அதில் ‘ரிகவரி போன்’ (கணக்கை மீட்க உதவும் நம்பர்) யாருடையது என்று கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் பாருங்கள். கடை நம்பர் உட்கார்ந்திருக்கும் கணக்குகள் ஏராளம்.

கடையில் குரோமைத் திறக்கும்போதே கெஸ்ட் மோடு (மூடியதும் எதையும் சேமித்து வைக்காத முறை) கேளுங்கள். ‘சேவ் பாஸ்வேர்ட்’ பெட்டி வந்தால் ‘நெவர்’. ஸ்கேன் செய்த போட்டோ, கையெழுத்து, ஆதார் நகல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். ஆதார் கட்டாயம் என்று எங்கும் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம். பாடம் பார்க்கும் செயலி ஆதார் கேட்டால், அதைவிட்டு வெளியே வந்துவிடுவது உத்தமம்.

பணம் கட்டியிருந்தால்

சுருக்கமாக: படிப்புச் செயலிகளுக்கு ஆட்டோ டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) கொடுக்க வேண்டாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. கொடுத்தாகிவிட்டதென்றால் ஜிபே, போன்பே எதிலும் ஆட்டோபே பகுதியில் போய் ரத்து செய்யலாம். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே பிடிபடும். இஎம்ஐயில் சேர்ந்தால் கடன் தரும் கம்பெனியின் கொள்கையும் சேர்ந்தே வருகிறது. கடன் செயலி உங்கள் கான்டாக்ட்ஸையோ கால் லாக்கையோ தொடக் கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. பணத் தகராறுக்கு 1915 நுகர்வோர் உதவி எண், ஏமாற்றிப் பணம் பறித்தால் உடனே 1930.

அழிக்கச் சொல்லி எழுதுவது

மின்னஞ்சலின் தலைப்பிலேயே ‘கணக்கையும் விவரத்தையும் அழிக்கக் கோரிக்கை’ என்று இருக்கட்டும். உள்ளே நான்கு வரி போதும்: பதிந்த நம்பர் அல்லது மின்னஞ்சல், பதிந்த தேதி, சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்ற வாசகம், யார் யாருக்கு என் விவரம் கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்ற கேள்வி. பிள்ளைக்காக எழுதினால் பெற்றோர் என்பதையும் பிள்ளையின் வயதையும் சேருங்கள். அடையாளச் சான்று கேட்டு முழு ஆதாரை அனுப்பச் சொன்னால் மறுத்து, பதிந்த மின்னஞ்சலிலிருந்து எழுதியதே சான்று என்று பதில் போடுங்கள். அனுப்பிய நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து அதே மின்னஞ்சலுக்கு ‘ரிப்ளை’ செய்து நினைவூட்டுங்கள். புதிதாக எழுதினால் பழைய தேதி போய்விடும்.

படிப்புக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கலாமே என்ற யோசனை நல்லதுதான், பல வீடுகளில் அதைச் செய்கிறார்கள். ஆனால் ப்ரீபெய்ட் சிம் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் துண்டித்துவிடலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டித்த நம்பர் இன்னும் 90 நாள் கழித்து வேறு ஆளுக்குப் போகும், அதோடு உங்கள் ஓடிபியும் போகும். தேர்வு முடிந்து அந்த சிம்மைத் தூக்கிப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் ஸ்வயம், டிஜிலாக்கர், ஜிமெயில் ரிகவரி மூன்றிலும் நம்பரை மாற்றிவிட்டு, மாறியதற்கான எஸ்எம்எஸ் புது நம்பருக்கு வந்ததைப் பார்த்த பிறகு சிம்மைக் கழற்றுங்கள்.